கல் குடித்த சோப்பு

கெங்கம்மாவுக்குக் கல் கழுவுகிற வேலை என்றால் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் முதலில் சிரிப்பார்கள். "அரிசி கழுவி பாத்துகீறோம், கல்லு கழுவி இப்பதான்யா கேக்குறோம்" என்று தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும் பெண்கள் கிண்டல் பண்ணுவார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நாலு வீட்டில் பாத்திரம் கழுவினால் ஈ.எஸ்.ஐ. கார்டு கொடுப்பார்களா? கல் கழுவியதற்குக் கொடுத்தார்கள். அந்தக் கார்டில்தான் அவள் புருஷன் நீலமேகத்தின் உயிர் இருந்தது.

நீலமேகம் துறைமுகத்தில் கன்டெய்னர் கட்டுகிற வேலையில் இருந்தவன். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபின் வீட்டோடு கிடந்தான். வாரம் இரண்டு தடவை மிஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ணியாக வேண்டும். கார்டு இல்லாத காலத்தில் கூட்டத்தோடு கூட்டமாகக் காத்திருந்து, ஒரு முறை கிடைத்து ஒரு முறை கிடைக்காமல், கால் இரண்டும் பானை மாதிரி வீங்கி, மூச்சு வாங்கக் கிடந்திருக்கிறான். கார்டு வந்தபிறகு முறை தவறியதில்லை. ஆள் எழுந்து உட்கார்ந்து பேப்பர் படிக்கிற அளவுக்குத் தேறினான்.

அவள் வேலை பார்த்த லேப், திருவொற்றியூரில் மணலி பக்கம் போகிற சாலையில், ஒரு டயர் குடோனுக்கும் லாரி ஷெட்டுக்கும் நடுவில் இருந்தது. துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு இடையில் புகுந்து புறப்பட்டுத்தான் கேட்டுக்கே வரவேண்டும். உள்ளே ஏ.சி. உண்டு, ஆனால் மிஷின்கள் இருக்கிற அறைக்குத்தான். கெங்கம்மாவின் அறை பின்பக்கம். அங்கே பெரிய தொட்டி, வெந்நீர் குழாய், கல் உலர்த்துகிற ஒரு மின்சார அடுப்பு, எண்ணெயைக் கரைக்கிற டொலுவீனின் தலையைச் சுற்றவைக்கும் வாடை.

கற்கள் பெட்டியில் வரும். எங்கோ வடக்கே ஒரு பழைய எண்ணெய் வயலில், பூமிக்குள் வெகு ஆழத்தில் துளைபோட்டு எடுத்த பாறையை, முறுக்கு அச்சுக்குள் போகிற பருமனில் உருளை உருளையாக அறுத்து அனுப்புவார்கள். வரும்போது கச்சா எண்ணெய் ஊறிக் கறுத்து நாறும். கெங்கம்மா அவற்றைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு, டொலுவீன் கொதித்துக் கொதித்து அவற்றின்மேல் சொட்டும்படி வைப்பாள். நாள் கணக்கில் சொட்டும். எண்ணெயெல்லாம் கழன்று கல் வெளுத்தபின் அடுப்பில் உலர்த்தித் தட்டில் அடுக்கி ஜெபினிடம் கொடுப்பாள்.

ஜெபின் அந்த லேபின் ஆராய்ச்சிக்காரன். சாத்தான்குளம் பக்கத்துப் பையன், முப்பது வயது இருக்கும். நல்லவன். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் பின்னால் யாரும் நம்பமாட்டீர்கள். கிறிஸ்துமஸுக்கு ஊரிலிருந்து அச்சுமுறுக்கு கொண்டுவந்தால் கெங்கம்மாவுக்குத் தனிப் பொட்டலம் இருக்கும். மேனேஜர் சங்கரநாராயணனிடம் சண்டைபோட்டு, காண்ட்ராக்டில் கிடந்த அவளுக்கு ஈ.எஸ்.ஐ. வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். "அந்த சாரு இல்லேன்னா இந்நேரம் நீ போட்டோவுல இருந்திருப்ப" என்று கெங்கம்மா புருஷனிடம் சொல்லிக்காட்டுவாள்.

எதற்கு இந்தக் கல்லெல்லாம் என்று ஒருநாள் டீ குடிக்கும்போது அவனிடமே கேட்டாள்.

"கெணத்துல எண்ணெ தீந்துட்டுன்னு மூடுதாங்கல்லா, உண்மையில தீரலக்கா," என்றான் ஜெபின். "பாதிக்கு மேல கல்லுலயே ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. தண்ணிய விட்டுத் தள்ளினா வராது."

"எண்ணெ சட்டிய வெறும் தண்ணில அலசுனா போவுமா சார்? சோப்பு போடணும்ல."

"அதேதான். சோப்பு மாதிரி ஒரு மருந்தத் தண்ணில கலந்து உள்ள விடுதோம். கரைச்சல் என்னன்னா, எண்ணெய்ட்ட போய்ச் சேருததுக்குள்ள அந்த மருந்த கல்லே குடிச்சிருது."

"கல்லு குடிக்குமா?"

"மொடாக்குடி குடிக்கும். மருந்து மொத்தமும் கல்லு மேல போய் ஒட்டிக்கிடும், விடாது. எந்த மருந்த அது கொறச்சலாக் குடிக்குதுன்னு கண்டுபிடிக்கத்தான் என்னைய வச்சிருக்காங்க." அப்புறம் இன்னொரு வழியும் உண்டு என்றான். விலை கூடின மருந்துக்கு முன்னால் விலை மலிந்த ஒன்றை அனுப்புவார்களாம். கல் அதைக் குடித்து வயிறு ரொம்பிவிடும். பின்னால் போகிற நல்ல மருந்து தப்பித்துப் போய்ச் சேரும்.

"அப்ப முன்னாடி போனது?"

"அது அங்கயே கெடக்கும். அதுக்குன்னுதான அனுப்புதோம்."

"பாவம் சார் அது" என்றாள் கெங்கம்மா. ஜெபினுக்குச் சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

அந்த வருஷம் அவனுக்குச் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. எந்த மருந்தைக் கொடுத்தாலும் அந்தக் கல் குடித்தது. எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் பொறுமை இழந்துவிட்டார்கள். தீபாவளிக்குள் நல்ல கணக்கு வராவிட்டால் வேலையை வேறு லேபுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள். அந்த வேலை போனால் லேபில் பாதிப்பேர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று மேனேஜர் போகிற வருகிறவரிடமெல்லாம் சொல்லிப் பீதி கிளப்பினார்.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது.

ஆயுத பூஜை என்றால் நம் ஊரில் தெரியும்தானே. வருஷமெல்லாம் தூசி படிந்து கிடக்கிற கூடத்துக்கும் அன்றைக்கு ஒருநாள் மரியாதை. லாரிக்கு வாழைக்கன்று, கம்ப்யூட்டருக்குச் சந்தனம், மிஷினுக்கு மாலை. மேனேஜர் முதல்நாளே வந்து, "கெங்கம்மா, எல்லாம் பளபளன்னு இருக்கணும், ஓனர் வர்றார்" என்று சொல்லிவிட்டுப் போனார். கெங்கம்மாவின் வீட்டில் புத்தர் படம்தான் உண்டு, பூஜை கீஜை எதுவும் கிடையாது. ஆனால் செய்கிற வேலைக்கு ஒரு மரியாதை வேண்டும் என்பது அவள் கொள்கை. சொன்ன வேலையில் சோடை போகமாட்டாள்.

குடுவை, குழாய், தட்டு என்று எல்லாவற்றையும் தொட்டியில் போட்டாள். சைக்கிளில் கேன் கட்டி விற்றுக்கொண்டு வருவார்களே, அந்தப் பச்சை சோப்பு ஆயிலைத் தாராளமாக ஊற்றி நுரைபொங்கக் கழுவினாள். கடைசியில் அலமாரித் தட்டில் ஆறு கல் இருந்தது. டொலுவீனில் வெளுத்து, ஜெபினுக்காகத் தயாராக இருந்த கற்கள். மோந்து பார்த்தாள். லேசாக எண்ணெய் வாடை அடிக்கிற மாதிரித்தான் இருந்தது. தினமும் தனக்குச் சோறு போடுகிற கல்லை அப்படியே பூஜையில் வைக்க மனசு வரவில்லை. ஆறையும் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிரஷ் வைத்துத் தேய்த்து, மேலோட்டமாக ஒரு அலசு அலசி, அடுப்பில் உலர்த்தி வைத்தாள். கல்மேல் பொட்டு வைத்தால் கறையாகும் என்று தட்டின் விளிம்பில் மட்டும் வைத்தாள். அவ்வளவு அக்கறை. மேனேஜர் பார்த்துவிட்டு, "உன் இடம்தான்மா டாப்" என்றார்.

தீபாவளிக்கு முன்னால் ஜெபின் அந்தக் கற்களில் மருந்தைச் செலுத்திப் பார்த்தான். உள்ளே விட்ட மருந்து ஏறக்குறைய அப்படியே வெளியே வந்தது. கல் குடிக்கவில்லை. அவன் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு பின்பக்கம் ஓடிவந்தான்.

"அக்கா! குடிக்கலக்கா! கல்லு குடிக்கவே இல்ல!"

லேபே அல்லோலகல்லோலப்பட்டது. மேனேஜர் ஜாங்கிரி வாங்கிவந்தார். ஜெபின் ஒரு ஜாங்கிரியை எடுத்துக்கொண்டு வந்து கெங்கம்மாவிடம் கொடுத்து, மேஜைமேல் இருந்த தட்டைக் காட்டி, "இந்த ஆறு கல்லும் எனக்குச் சாமிக்கா" என்றான். கெங்கம்மா தட்டைப் பார்த்தாள். விளிம்பில் அவள் வைத்த குங்குமம் அழியாமல் இருந்தது.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. படித்தவள் இல்லைதான். ஆனால் கல் சோப்பைக் குடிக்கும் என்று சொன்னது அவன்தானே. வயிறு முட்டக் குடித்தவன் மேலே எப்படிக் குடிப்பான்?

ஜாங்கிரியைத் தின்ன முடியாமல் வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஒரு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. நீலமேகம் கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விஷயத்தைச் சொன்னாள்.

அவன் ஊசி போட்டுப் போட்டுப் புடைத்துப்போன கை நரம்பைத் தடவிக்கொண்டிருந்தான்.

"இன்னாய்யா ஒண்ணியும் சொல்ல மாட்ற?"

"சொல்லிடு கெங்கா."

"சொன்னா வேலய வுட்டுத் தூக்கிடுவானுங்கய்யா. கார்டு பூடும்."

"தெரிதுமே. நீ சொல்லாம வெச்சிகினு இருந்தா உனக்குத் தூக்கம் வராது. நீ பொரண்டு பொரண்டு படுத்துகினு இருந்தா எனக்கு மட்டும் எங்கேந்து வரும்?"

மறுநாள் போய்ச் சொன்னாள். ஜெபின் முதலில் சிரித்தான், அப்புறம் சிரிப்பு நின்றது. எழுந்துபோய் ஆறில் ஒரு கல்லை எடுத்து, மருந்து எதுவும் இல்லாமல் வெறும் தண்ணீரை மட்டும் அதன்வழியே செலுத்தினான். வெளியே வந்த தண்ணீரை ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்து, விரலால் மூடிக் குலுக்கினான். குழாயில் பாதிவரை நுரை ஏறி நின்றது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இந்தச் சோதனையை அவன் ஆரம்பத்திலேயே செய்திருக்கவேண்டும். அவசரத்தில் விட்டுவிட்டான். கணக்கோ அதற்குள் கம்பெனிக்குப் போய், வயலில் சோதித்துப் பார்க்கலாம் என்று பதிலும் வந்துவிட்டது.

ஜெபின் நுரையைத் தொட்டியில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டான். "வேற யார்ட்டயும் சொன்னியளா அக்கா?"

"இல்ல சார். வூட்ல மட்டும்தான்."

"சொல்லாதிய. நான் பாத்துக்கிடுதேன்."

அவ்வளவுதான் என்று கெங்கம்மா நினைத்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, படித்தவன், அவன் சரிபண்ணிவிடுவான். அன்றைக்குப் புருஷனும் பெண்டாட்டியும் நன்றாகத் தூங்கினார்கள்.

பொங்கல் முடிந்த வாரம் இரண்டாவது பெட்டி வந்தது. முதல் கணக்கு உறுதிதானா என்று பார்க்கக் கம்பெனி அனுப்பிய புதுக் கற்கள். கெங்கம்மா வழக்கம்போல டொலுவீனில் வெளுத்து உலர்த்தித் தட்டில் எடுத்துக்கொண்டு போனாள். ஜெபின் தட்டை வாங்கவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அக்கா, இதையும் அன்னைக்கு மாதிரியே ஒரு தடவ கழுவிக் கொண்டாங்க."

"இன்னா மாதிரி சார்?"

"அதான்... பூஜைக்குக் கழுவுனியள்லா. அது மாதிரி."

அவள் தட்டோடு நின்றாள். அவன் காது சிவந்திருந்தது. "இப்ப போய் அந்தக் கணக்கு தப்புன்னு சொன்னா எல்லாம் போச்சுக்கா. என் வேலை, உங்க வேலை, மொத்தமும். வயல்ல மண்ணு வேற மாதிரி இருக்கும், அங்க எப்படியும் கொஞ்சம் நல்லாத்தான் வரும். நான் அதுக்குள்ள உண்மையாவே ஒரு நல்ல மருந்தக் கண்டுபிடிச்சிருவேன். எனக்குக் கொஞ்சம் நாள் மட்டும் வேணும்." நீலமேகம் அண்ணனுக்கு எப்படி இருக்கு என்றும் கேட்டான். மிரட்டவில்லை, உண்மையான அக்கறையில்தான் கேட்டான். அதுதான் கொடுமை.

அவள் போய்க் கழுவினாள். தெரியாமல் செய்தது ஒரு தடவை, தெரிந்து செய்தது ஒரு தடவை. வேறு என்ன செய்திருக்கவேண்டும் என்று நியாயம் பேசுகிறவர்கள் புருஷனின் வீங்கின காலை ஒருநாள் மடியில் வைத்துப் பிடித்துவிட்டபிறகு பேசட்டும். முதல் தடவையைவிட நன்றாக ஊறவைத்தாள். புருஷனிடம் இதைச் சொல்லவில்லை. அவனிடம் அவள் மறைத்த முதல் விஷயம் அது.

இரண்டாவது கணக்கும் நன்றாக வர, லாரி லாரியாக மருந்து வயலுக்குப் போனது. கிணற்றில் விட்டார்கள். மாதக் கணக்கில் காத்திருந்தார்கள். தண்ணீர் வந்தது, எண்ணெய் வரவில்லை. பூமிக்கடியில் இருந்த பாறைக்கு யாரும் பூஜை போட்டு வைத்திருக்கவில்லையே. அது மொத்தத்தையும் குடித்துவிட்டுச் சும்மா இருந்தது.

அடுத்த மழைக்காலம் தொடங்கும்போது கம்பெனியிலிருந்து ஹபீபுல்லா என்று ஒரு பெரிய அதிகாரி விசாரிக்க வருவதாகத் தகவல் வந்தது. அவர் வருகிற அன்று காலையில் ஜெபின் பின்பக்கம் வந்தான். முகம் ஒட்டிப்போய், சவரம் செய்யாமல் இருந்தான்.

"அக்கா, மேனேஜர்ட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். கெங்கம்மா தெரியாமக் கழுவிட்டான்னு முடிச்சிருவோம்ங்காரு. நீங்க என் பேரைச் சொல்லிராதிய. நான் உள்ள இருந்தாத்தான் உங்களுக்கு ஏதாவது செய்ய முடியும். கார்ட நிப்பாட்டாமப் பாத்துக்கிடுதேன். எங்கம்மா மேல சத்தியம்."

கெங்கம்மா அவன் கையைப் பார்த்தாள். அச்சுமுறுக்குப் பொட்டலம் நீட்டின கை. "சரி சார்" என்றாள்.

கூட்ட அறைக்குள் அவள் போனது அதுதான் முதல் தடவை. நீள மேஜை, ஒரு பக்கம் மேனேஜரும் ஜெபினும், எதிரே ஹபீபுல்லா. நரைத்த தாடி, மெதுவான குரல். அவர்முன்னால் ஒரு கண்ணாடிக் குழாயில் நுரை நின்றது. லேபிலிருந்து முன்னமே வாங்கிப்போன மீதிக் கற்களில் வெறும் தண்ணீர் விட்டுப் பார்த்திருக்கிறார்.

"உக்காருங்கம்மா" என்றார். யாரும் அவளை அந்த அறையில் உட்காரச் சொல்வார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"கல்ல சோப்பு போட்டுக் கழுவுனது நீங்கதானா?"

"ஆமா சார்."

"ஏன் கழுவுனீங்க?"

"ஆயுத பூஜை சார். எல்லாத்தியும் கழுவ சொன்னாங்க. கல்லு மட்டும் அழுக்கா வெச்சா நல்லா இருக்காதுன்னு அத்தியும் கழுவிட்டேன்."

ஹபீபுல்லா தலையாட்டினார். அந்த அறையில் அன்று பேசப்பட்ட ஒரே உண்மை அதுதான். அவர் காகிதத்தைப் புரட்டினார். "சரி. அது அக்டோபர். ரெண்டாவது பெட்டி ஜனவரியில வந்திருக்கு. அதுலயும் சோப்பு இருக்கு. அப்ப என்ன பூஜைம்மா? யாராவது கழுவச் சொன்னாங்களா?"

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். ஜெபின் டீ கப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். ஹபீபுல்லா மட்டும்தான் அவள் முகத்தைப் பார்த்தார். இந்த மனுஷர் தெரிந்துதான் கேட்கிறார், சொல்லிவிடு என்று கேட்கிறார் என்று அவளுக்குப் பட்டது. ஒரு பெயர். வாயில் இருந்தது.

"பொங்கல் சார்," என்றாள். "பொங்கலுக்குக் கழுவுனேன்."

அவ்வளவு சரளமாக வந்துவிட்டது. அவளுக்கே ஆச்சரியம். ஹபீபுல்லா இன்னும் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். அப்புறம் பேனாவை மூடினார். புளியந்தோப்பிலிருந்து வருகிற, கல் கழுவுகிற ஒரு பொம்பளை பொங்கலுக்குக் கல்லைக் குளிப்பாட்டினாள் என்பதை யார்தான் நம்பமாட்டார்கள்?

அன்று சாயந்திரமே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். ஜெபின் கேட் வரை வந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து, அழுதுவிட்டான். அவளுக்கு அழுகை வரவில்லை. அதுக்குன்னுதான அனுப்புதோம் என்று அவன் டீ குடித்துக்கொண்டே சொன்னதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. லாரிகளுக்கு இடையில் புகுந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

கார்டு கொஞ்ச மாதம் தாங்கும் என்றார்கள், தாங்கியது. ஜெபின் இரண்டு தடவை போன் பண்ணினான். மூன்றாவது தடவை அவளே பண்ணியபோது அவன் வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டதாக வேறு யாரோ சொன்னார்கள். அவள் மறுபடி பாத்திரம் கழுவப் போனாள். வேலை மாறியதை நீலமேகத்திடம் சொன்னாள். கார்டைப் பற்றிச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக் கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரில் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இனிமேல் இது செல்லாதும்மா, உன் பேரில் பணம் கட்டுவது நின்று ரொம்ப நாளாயிற்று என்றாள். குரலில் இரக்கம் இருந்தது. இரக்கம் மிஷினை ஓட்டாது. கெங்கம்மா கார்டைத் திரும்ப வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பினாள். நீலமேகம் பெஞ்சில், சட்டைக் கையை மேலே சுருட்டி, புடைத்த நரம்பை வெளியே வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தான். கால் அதற்குள்ளேயே லேசாக வீங்கியிருந்தது.

"இன்னா, உள்ள போலாமா?"

"மிஷினு ரிப்பேராம்யா. ரெண்டு நாளு கழிச்சி வர சொல்றாங்க."

அவனைப் பொறுத்தவரை அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். சட்டைக் கையை இறக்கிவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. புளியந்தோப்பு வருகிறவரைக்கும் அவள்மேல் சாய்ந்து நன்றாகத் தூங்கினான்.